முள் பச்சையில் இருக்கட்டும்

அத்தியாயம் ஏழு

மோட்டார் சைக்கிள் தெருவையே இரண்டாகக் கிழித்துக்கொண்டு வந்தது. வேகம் என்னவோ சைக்கிள் வேகம்தான். சத்தம்தான் அப்படி. பின்னால் உட்கார்ந்திருந்த சர்வேயரம்மா, ஓட்டிக்கொண்டிருந்த கொழுந்தனின் முதுகில் மூன்றாவது தடவையாகக் குத்தினார்.

"மூணாவது கியர்னு ஒண்ணு இருக்கு. போட்டா கடிக்காது."

"ரெண்டுல போனாத்தான் அண்ணி, வண்டி சொன்ன பேச்சு கேக்கும்."

"பேச்சு கேக்குதோ இல்லையோ, பெட்ரோலக் கேக்குது. போடுடா."

கொழுந்தன் மனமில்லாமல் கியரை மாற்றினான். அதே வேகத்தில் வண்டி பூனை மாதிரி போயிற்று. சாலையோரம் காதைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு பெண்மணி கைகளை எடுத்துவிட்டு நன்றியோடு பார்த்தார்.

சர்வேயரம்மா இருபத்தாறு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிப்போன வண்டிகளைப் பார்வையிட்டவர். பொய் சொல்லும் வண்டியை அவர் பார்த்ததில்லை. பொய் சொல்லாத சொந்தக்காரரையும் அதிகமாகப் பார்த்ததில்லை. ஓய்வு பெற்றதும் துப்பறியும் அலுவலகம் என்று ஒரு பலகை மாட்டினார். நாற்பது வயதுக்குள் ஏழு தொழில் பார்த்து ஏழையும் தொலைத்திருந்த கொழுந்தன், எட்டாவதாக அங்கே வந்து ஒட்டிக்கொண்டான்.

கையில் இருந்த வழக்கு சின்னது. போன வியாழக்கிழமை செப்புக் கம்பிச் சுருள் ஏற்றிக்கொண்டு போன ஒரு லாரியில் பதினாலு சுருளைக் காணோம். பழி டிரைவர் தலையில். அவரோ அன்று தான் வண்டியையே தொடவில்லை என்றார். விடிந்ததும் மேனேஜர் போன் செய்து, இன்று வேலை இல்லை, வீட்டில் இரு என்று சொன்னாராம். மேனேஜரைக் கேட்டால், சீக்கிரம் கிளம்பு என்று சொல்லத்தான் போன் செய்தேன், அன்றைக்கு முழுக்க அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தேன் என்றார். சரக்கு இறங்கிய கோடவுனுக்கு நேற்றே போய்ப் பார்த்தாகிவிட்டது. அங்கே சீட்டு வாங்கும் ஜன்னல் ஒரு சாண் உயரம். உள்ளே இருந்த குமாஸ்தா பார்த்தது ஒரே ஒரு கையை. அது ஆம்பளைக் கை என்று மட்டும் அடித்துச் சொன்னார்.

"அது போதும் அண்ணி, உலகத்துல பாதிப் பேர விட்டுடலாம்" என்று கொழுந்தன் அப்போதே சொன்னான்.

லாரி கம்பெனி வாசலில் டிரைவர் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். சட்டையை இஸ்திரி போட்டு, கழுத்துப் பொத்தான் வரை மாட்டியிருந்தார். உள்ளே விடக்கூடாது என்று உத்தரவாம். வெயிலில் காலை எட்டு மணியிலிருந்து நிற்கிறார் என்று காவலாளி சொன்னார். நாலு மணிக்கு முதலாளி போலீசில் புகார் கொடுக்கப் போகிறார் என்பது டிரைவருக்கும் தெரிந்திருந்தது.

"இருங்க, வர்றோம்" என்று மட்டும் சர்வேயரம்மா சொல்லிவிட்டு உள்ளே போனார். மணி அப்போது இரண்டரை.

மாடியில் முதலாளியின் அறையில் குளிர்சாதனம் உறைய வைத்தது. சுவரில் பச்சை மசியில் அச்சடித்த நோட்டீஸ்கள். முள் பச்சையில் இருக்கட்டும். முள் பச்சையில், மூளை தலையில். பச்சை தாண்டினால் பிழைப்பு தாண்டும். இப்படி ஏழெட்டு. எழுதியவர் பக்கத்திலேயே நின்று, விருந்தாளி படிக்கிறாரா என்று கவனித்துக்கொண்டிருந்தார். அவர்தான் மேனேஜர். முதலாளி மனைவியின் தம்பி என்பது அந்தப் பதவிக்கு அவருக்கு இருந்த தகுதி. கம்பெனியில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முதுகுக்குப் பின்னால் பச்சைமுள் என்பார்கள்.

பச்சைமுள் தானாகவே விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். லாரியில் ஸ்பீடு காட்ட ஒரு மீட்டர், எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்ட இன்னொரு மீட்டர். அந்த இரண்டாவது மீட்டரில் நடுவே ஒரு பச்சைப் பட்டை. முள் அதற்குள் நின்றால் டீசல் மிச்சம். அதைத் தாண்டினால் எஞ்சின் குடிகாரன் மாதிரி குடிக்கும். டிரைவர்களுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது? அதனால் பச்சையைத் தாண்டிப் பத்து விநாடி ஆனால் கீச் கீச் என்று கத்தும் பஸ்ஸர் ஒன்றை வாங்கி, எல்லா லாரியிலும் மாட்டியவர் அவர்தான். டீசல் டேங்குக்குப் பூட்டுப் போட்டவரும் அவர்தான். சாவிகள் அவர் மேஜையிலேயே இருந்தன.

"நானே லாரி ஓட்டி வந்தவன்மா. இருபது வருஷம் முன்னாடி இந்த ரோட்டுல என்னை மாதிரி ஓட்ட ஆள் கிடையாது."

"இப்பவும் கிடையாதுன்னு நினைக்கிறேன்" என்றான் கொழுந்தன். பச்சைமுள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

முதலாளி டைப் அடித்த புகாரை மேஜையில் தள்ளினார். கீழே, விசாரித்ததில் உண்மை என்று தெரிகிறது என ஒரு வரி. அதன் கீழே சர்வேயரம்மா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தார்கள். சர்வேயரம்மா அந்தப் புள்ளியைப் பார்த்தார். தன்னைத் துப்பறிய அழைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தார். அழைத்தது ரப்பர் ஸ்டாம்பை.

புகாரில், நேற்று அனுப்பிய நகலில் இல்லாத ஒரு பத்தி புதிதாக முளைத்திருந்தது. அன்றைக்கு அந்த டிரைவர் இருபத்திரண்டு லிட்டர் டீசலும் திருடியிருக்கிறார்.

"நான்தான் சேர்க்கச் சொன்னேன்" என்றார் பச்சைமுள் பெருமையாக. "அதே ரோடு, அதே லோடு, போன நேரமும் வந்த நேரமும் அதேதான். எப்பவும் நூத்தி முப்பது லிட்டர் ஆகும். அன்னிக்கு நூத்தி அம்பத்திரண்டு. மிச்சம் எங்க போச்சு? குழாய் போட்டு உறிஞ்சி வித்திருக்கான். சுருள விட்டாலும் இதுல மாட்டுவான்."

சர்வேயரம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஆளைப் பிடிக்காதபோது அவர் அப்படித்தான், ரொம்ப மரியாதையாகப் பார்ப்பார். பிறகு, வண்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுவதாகவும், கூட டிரைவரும் வேண்டும் என்றும் சொன்னார். முதலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சம்மதித்தார்.

பின்கட்டில் ஏழு லாரிகள் நின்றிருந்தன. ஆறு லாரிகள் பின்பக்கம் சுவரை ஒட்டி, முகம் வாசலைப் பார்க்க வரிசையாக நின்றன. ஏழாவது மட்டும் மூக்கைச் சுவரில் முட்டிக்கொண்டு, வால் பாதி வழியை அடைக்க நின்றது. அதைச் சுற்றி ஒரு கயிறு கட்டியிருந்தது.

"இது என்ன, பள்ளிக்கூடத்துல தப்பு பண்ணினா சுவத்தப் பாத்து நிக்க வைப்பாங்களே, அதுவா?" என்று கேட்டான் கொழுந்தன்.

டிரைவர் கயிற்றைத் தாண்டாமல் நின்றார். வெள்ளிக்கிழமை காலை தான் வேலைக்கு வந்தபோதே வண்டி இப்படித்தான் நின்றது என்றார். சாட்சிப் பொருள், யாரும் தொடக்கூடாது என்று மேனேஜர் கயிறு கட்டிவிட்டாராம். ஆறு நாளாக மற்ற டிரைவர்கள் இதைச் சுற்றிக்கொண்டு போய்த் திட்டுகிறார்கள்.

"நீங்க எப்படி நிறுத்துவீங்க?"

"ரிவர்ஸ்ல வந்து சொருகிடுவேம்மா. காலையில நேரா எடுத்துட்டுப் போயிடலாம்ல. மூணு வருஷமா அப்படித்தான்."

வியாழக்கிழமை ஓட்டத்தைப் பதிந்த டிரிப் ஷீட்டில் உங்கள் கையெழுத்து எப்படி வந்தது என்று சர்வேயரம்மா கேட்டார். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். மாதம் பிறந்ததும் முப்பது வெற்றுத் தாளில் எல்லா டிரைவரும் கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் கொடுத்துவிட வேண்டுமாம். தினமும் கையெழுத்து வாங்க அவருக்கு நேரமில்லை. போடாதவனுக்கு வண்டி இல்லை.

"வீட்ல அன்னிக்கு இருந்ததுக்கு என் சம்சாரம் சாட்சிம்மா. முதலாளிகிட்ட வந்து சொன்னா. பொண்டாட்டி சாட்சி எல்லாம் சாட்சியான்னு கேட்டாரு. அவ அழுதுகிட்டே வந்தா. திருடன் பொண்டாட்டின்னு தெருவுல சொல்ல ஆரம்பிச்சாச்சு."

சர்வேயரம்மா முதலில் டேங்கைப் பார்த்தார். பூட்டு அப்படியே இருந்தது. ஒரு கீறல் இல்லை. சாவி பச்சைமுள்ளின் மேஜையில் இருக்கிறது. பூட்டிய டேங்கில் குழாய் போட்டு உறிஞ்சுவது எப்படி என்று முதலாளிக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. மைத்துனர் சொன்னால் அவருக்குப் போதும்.

பிறகு கேபினுக்குள் ஏறினார்கள். கொழுந்தன் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, ஒரு வயரை வெளியே இழுத்தான். பஸ்ஸருக்குப் போகும் வயர். யாரோ பிடுங்கிப் போட்டிருந்தார்கள்.

டிரைவர் அதை வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் ஆச்சரியம்தான் இருந்தது. இதை எதற்குப் பிடுங்க வேண்டும் என்று கேட்டார். அவர் ஓட்டும்போது அது கத்தியதே இல்லை. டாப் கியரில் அறுபதில் போனால் முள் ஆயிரத்து ஐந்நூறில், பச்சைக்கு நடுவில் நிற்கும். மேட்டில் மட்டும் ஒரு கியர் குறைப்பார்.

"குறைச்சு, அப்படியே அறுபதுல போனா?"

"அஞ்சுல அறுபதா? முள்ளு ரெண்டாயிரத்தத் தாண்டிரும்மா. எஞ்சின் கதறும். இது விடாம கீச் கீச்னு கத்தும். காது போயிடும்."

சர்வேயரம்மா கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தார். வரும் வழியில் தான் அவன் முதுகில் குத்தியது நினைவுக்கு வந்தது. அதே தெரு, அதே வேகம். கியர் ஒன்று குறைந்தால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. சுற்றுகிற ஒவ்வொரு சுற்றும் தன்னைத்தானே உரசிக்கொள்ளவும் ஒரு வாய் குடிக்கிறது. நாள் முழுக்க அப்படிக் குடித்தால் இருபத்திரண்டு லிட்டர் ஒரு பெரிய அளவே இல்லை.

"டீசல யாரும் திருடலடா" என்றார். "எரிச்சிருக்காங்க."

"யாரு அண்ணி?"

"பஸ்ஸர் சத்தம் தாங்காம வயரப் பிடுங்கினவன். ஆறாவது கியர் இருக்கறதே தெரியாதவன்."

கியர் தண்டின் குமிழில் ஒரு காலத்தில் கியர் படம் இருந்திருக்கும். மூன்று வருஷம் டிரைவரின் உள்ளங்கை தேய்த்ததில் அது வழுவழுவென்று இருந்தது. சர்வேயரம்மா டிரைவரிடம் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பதிலைக் கேட்டதும், வழக்கு கைக்கு வந்த நான்கு நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

அறைக்குத் திரும்பியபோது மணி மூன்றரை. சர்வேயரம்மா சுவரிலிருந்து மூன்று பச்சை நோட்டீஸைக் கிழித்தார். பச்சைமுள்ளுக்கு மனசே கிழிந்தது போலிருந்திருக்கும். பின்பக்கத்தில் அந்த லாரியின் கியர் படத்தை ஆளுக்கு ஒன்று வரைந்து தரச் சொன்னார். ஒரு சடங்குதான், கையெழுத்துப் போடும் முன்னால் முடித்துவிடலாம் என்றார்.

முதலாளி ஏணி மாதிரி ஒன்று வரைந்தார். ஏழு லாரி வைத்திருக்கிறவர் ஒன்றிலும் ஏறிப் பார்த்ததில்லை. டிரைவர் முன்னோக்கி ஆறு கியர் போட்டு, ரிவர்ஸை எல்லாவற்றுக்கும் இடது ஓரத்தில் தனியாக வைத்தார். பச்சைமுள் ஐந்து கியர் போட்டார். ரிவர்ஸை ஐந்தாவதுக்கு நேர் கீழே வைத்து, அடியில் கோடும் இழுத்தார்.

சர்வேயரம்மா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஐந்தாவதுக்கு நேர் கீழே இருப்பது ஆறாவது என்று சொன்னார். முதலாளி இரண்டையும் பார்த்துவிட்டு மைத்துனரைப் பார்த்தார். பச்சைமுள் கொஞ்சமும் அசரவில்லை.

"அது பழைய வண்டிங்க கணக்கு, அத்தான். நான் ஓட்டின காலத்துல அப்படித்தான் இருந்துச்சு. இந்த வண்டி சீட்டுல நான் இதுவரைக்கும் உக்காந்ததே இல்லையே, எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான பதில். முதலாளி நிம்மதியாக மூச்சு விட்டு, பேனாவின் மூடியைத் திறந்து சர்வேயரம்மாவிடம் நீட்டினார். மணி மூன்று நாற்பது. டிரைவர் இஸ்திரி கலையாத சட்டையோடு கதவருகே நின்றிருந்தார். அவர் கண் அந்தப் பேனாவின் மேலேயே இருந்தது.

சர்வேயரம்மா பேனாவை வாங்கிக்கொண்டு, கொழுந்தனைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். அவன் அதற்காகவே காத்திருந்தான்.

"போடுங்க அண்ணி. இவரு திருடனோ இல்லையோ, ஓட்டத் தெரியாதவரு. வண்டிய நிறுத்தியிருக்கற லட்சணத்தப் பாத்தீங்கல்ல? மூக்கக் கொண்டுபோய் சுவத்துல முட்டி, வாலத் தூக்கிக்கிட்டு. பால் வண்டி ஓட்டறவன்கூட இப்படி நிறுத்த மாட்டான். நம்ம மேனேஜர் மாதிரி ஆளு பாத்தா காறித் துப்புவாரு."

"ஏன்யா, ஓட்டத் தெரியாம என்ன?" பச்சைமுள்ளின் முகம் சிவந்துவிட்டது. "ரிவர்ஸ் விழாத வண்டிய வேற எப்படி நிறுத்தச் சொல்றே? தலைகீழாவா? எவன் ஓட்டினாலும் அப்படித்தான் நிறுத்தணும்."

டிரைவர் கதவருகிலிருந்து ஓரடி முன்னால் வந்தார்.

"ரிவர்ஸ் நல்லா விழுமே" என்றார் டிரைவர். "மூணு வருஷத்துல ஒரு நாள்கூட மக்கர் பண்ணினதில்ல. அம்மா இப்ப கீழ அதத்தான் கேட்டாங்க."

சர்வேயரம்மா பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

"அந்த வண்டில ரிவர்ஸ் விழாதுன்னு உலகத்துல ஒரே ஒருத்தன்தான் நம்ப முடியும், மேனேஜர் சார். அந்த சீட்டுல உக்காந்து, அஞ்சாவதுக்குக் கீழ ரிவர்ஸத் தேடினவன். அங்க இருந்தது ஆறாவது. நின்ன வண்டிய ஆறுல எடுத்தா எஞ்சின் செத்துப் போகும். உங்களுக்கும் செத்திருக்கும். ரிவர்ஸ் கெட்டுப் போச்சுன்னு முடிவு பண்ணி, சுவத்துல முட்டி நிறுத்திட்டு இறங்கிட்டீங்க."

அவர் அதோடு விடவில்லை. அங்கே ரிவர்ஸ் இருக்கிறது என்ற பயத்தில்தான் வழியெல்லாம் ஐந்தாவதுக்குக் கீழே இழுக்காமல் போனார் என்றார். ஓடுகிற லாரியில் ரிவர்ஸ் விழுந்தால் என்ன ஆகும் என்று ஒரு பழைய டிரைவருக்குத் தெரியாதா? முள் பச்சையைத் தாண்டியது. அவரே மாட்டிய பஸ்ஸர் அவர் காதிலேயே கத்தியது. அதைப் பிடுங்கினார். இருபத்திரண்டு லிட்டரை எரித்துவிட்டு, அது எரிந்ததே தெரியாமல், அதையும் இன்னொருத்தர் தலையில் கட்டினார். சுருளோடு நிறுத்தியிருந்தால் இந்நேரம் சர்வேயரம்மா கையெழுத்துப் போட்டிருக்க வேண்டி வந்திருக்கும்.

"ஊருக்கே பச்சை மசியில பாடம் நடத்தினீங்க" என்றார். "ஒரு நாள் நீங்களே ஓட்டினீங்க. முள்ளு ஒரு தடவையாவது பச்சைக்குள்ள வந்துச்சா?"

பச்சைமுள் முதலாளியைப் பார்த்து அத்தான் என்றார். முதலாளி நோட்டீஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை அத்தான் என்று கூப்பிட்டபோது, சுருள் எங்கே என்று மட்டும் கேட்டார். பாதி வழியில் இருக்கும் ஒரு பழைய கிடங்கு, நண்பனுடையது, இன்னும் விற்கவில்லை, அக்காவுக்குத் தெரிய வேண்டாம் என்று பச்சைமுள் துண்டு துண்டாகச் சொன்னார்.

அக்கா என்ற சொல்லைக் கேட்டதும் முதலாளிக்கு வேர்த்துவிட்டது. குளிரை இன்னும் கூட்டினார். புகாரை எடுத்து நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். இது குடும்ப விஷயம், வெளியே போக வேண்டாம் என்று சர்வேயரம்மாவிடம் கெஞ்சலாகச் சொன்னார். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, தாராள மனசோடு ஒரு வாக்கியம் சொன்னார்.

"சரி, போனது போகட்டும். நாளைக்குக் காலையில வேலைக்கு வந்துடு."

இவ்வளவுதான். ஆறு நாள் திருடன் என்று வாசலில் நிறுத்தி வைத்ததற்கு அந்த மனிதரிடம் இருந்தது இவ்வளவுதான். டிரைவர் என்றால் போலீஸ், மைத்துனர் என்றால் குடும்ப விஷயம். சர்வேயரம்மா அந்த மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டைக் கையில் எடுத்தார், அவர் மேல் வீசினால் என்ன என்று தோன்றியது. வைத்துவிட்டார்.

டிரைவர் வண்டிச் சாவி கேட்டார். முதலாளி சிரித்துக்கொண்டே கொடுத்தார். டிரைவர் கீழே போய்க் கயிற்றை அவிழ்த்தார். பஸ்ஸர் வயரைத் திரும்பச் சொருகினார். ஜன்னல் வழியாக எல்லோரும் பார்த்தார்கள். லாரி பின்னால் வந்தது, வளைந்தது, ஒரே மூச்சில் மற்ற ஆறு லாரிகளின் வரிசைக்குள் பின்பக்கமாகப் போய் நின்றது. இரண்டு பக்கமும் ஒரு முழம்தான் இடம். பஸ்ஸர் ஒரு கீச் கூடச் சொல்லவில்லை.

அவர் மேலே வந்து சாவியை முதலாளி முன்னால் வைத்தார்.

"இந்த மாசத்துல மிச்சம் எத்தன ஷீட்டு இருக்கு, சார்? நான் கையெழுத்துப் போட்டது."

பச்சைமுள்ளின் இழுப்பறையிலிருந்து முதலாளிதான் எடுத்துக் கொடுத்தார். டிரைவர் உட்காராமலே எண்ணினார். பதினொன்று. ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், தன் கையெழுத்து இருந்த இடத்தை மட்டும் கிழித்து எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மிச்சத் தாளை அடுக்கி, நேராக்கி, மேஜை மேல் வைத்தார்.

"தாளு உங்களோடது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

முதலாளிக்குப் புரிய அரை நிமிஷம் ஆயிற்று. பிறகு, நாளைக்கு லோடு இருக்கிறதே, யார் ஓட்டுவது என்று பொதுவாகக் கேட்டார்.

"அதான் மச்சினன் இருக்காரே" என்றான் கொழுந்தன். "கொஞ்சம் டீசல் கூடும். வர்ற வழியில சுவரு இருந்தா போதும், நின்னுடும்."

வாசலில் டிரைவர் நின்றிருந்தார். வீட்டுக்கு எப்படிப் போவீர்கள் என்று சர்வேயரம்மா கேட்டார். நடந்துதான் என்றார். வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. சட்டைப் பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பதினொரு துண்டையும் சம்சாரத்திடம் காட்ட வேண்டும் என்றார்.

"தெருக்காரங்ககிட்ட நான் வந்து சொல்லட்டுமா?"

"வேண்டாம்மா. அவளே சொல்லிப்பா. எல்லா வீட்டு வாசல்லயும் நின்னு சொல்லுவா."

அவர் தெருமுனை திரும்பும் வரை சர்வேயரம்மா வண்டியில் ஏறவில்லை. பிறகு ஏறினார். கொழுந்தன் கிளப்பினான், முதல் கியர், இரண்டாவது, உடனே மூன்றாவது, நாலாவது. அவர் குத்துவதற்கு ஓங்கிய கையை இறக்கிக்கொண்டார்.